லோனி விழுந்த இடம்

ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரிகளைப் படம் பிடிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். பையன்கள் டாக்கோ ரொட்டியும் கையுமாக வருவார்கள், அடிதடி குறைவு. சான் பெட்ரோவில் அந்த மீனவர் மண்டபத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வாடகைக்குப் பிடித்தேன். சிமெண்டுத் தரை. கேமரா துளிகூட ஆடாது.

இன்ஸ்பெக்டர், நீங்கள் பங்க் ராக் கச்சேரிக்குப் போயிருக்க மாட்டீர்கள். கடைசிப் பாட்டில் பாடகன் மேடையிலிருந்து கூட்டத்தின்மேல் விழுவான். கீழே இருப்பவர்கள் கைகளைத் தூக்கித் தாங்கிக்கொள்வார்கள். யார் பேச்சையும் கேட்காத பிள்ளைகள் அந்த ஒன்றில் மட்டும் தவறவே மாட்டார்கள். பாடகன் லோனி முதுகைக் காட்டியே விழுவான். திரும்பிப் பார்ப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவன் கச்சேரிகளை இத்தனை வீடியோ கேசட் போட்டு விற்றும் அந்த விழுதல் மட்டும் எனக்குச் சிக்கவில்லை. கைகள் அவனை விழுங்கிவிடும். திரையில் மிஞ்சுவது மொட்டைத் தலைகளும் வேர்த்த சட்டைகளும்தான். கேசட் கடையில் ஒருவன் முகத்துக்கு நேராகவே கேட்டான்.

"என்னண்ணே, குதிச்சவன் எங்க போனான்னே தெரியல? இதுக்கா வீட்ல உக்காந்து பாக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு, கச்சேரிக்கு முன்னால், லோனி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"முட்டி வலிக்குதுண்ணே. இன்னைக்குக் குதிக்கல."

"அடப்பாவி, பயந்துட்டியா? கேசட்டுக்குடா இது."

"சரி சரி, உயிர எடுக்காத. கீழ ஆளு இருப்பாங்கல்ல?"

"என்னைக்குடா இல்லாம போயிருக்காங்க?"

சிரித்தான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும் அவனுக்கு.

கடைசிப் பாட்டு தொடங்கியதும் மேடையில் விளக்குகளைக் கூட்டச் சொன்னேன். அந்த வெளிச்சத்தில் நிற்பவனுக்குக் கீழே எல்லாம் ஒரே இருட்டு. பிறகு முன்வரிசைப் பிள்ளைகளை வலப்பக்கக் கேமராவுக்கு முன்னால் போகச் சொன்னேன். மூஞ்சி கேசட்டில் வரும் என்றேன். போலீஸ் தடியைத் தூக்கினாலும் நகராத கூட்டம் அது, எனக்கு நகர்ந்தது. பச்சைத் தலைமுடிக்காரி ஒருத்தி மட்டும் நின்றாள்.

"அப்ப லோனிய யாரு புடிப்பா?"

"அவன் இன்னைக்குக் குதிக்கலம்மா. முட்டி வலியாம்."

அவன் வாயால் சொன்னதைத்தான் சொன்னேன். அவளும் போய்விட்டாள்.

அவன் தங்கை ரோண்டா டிரம்ஸ் வாசிப்பவள். விளக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால், கீழே ஆளில்லாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பாட்டின் நடுவில் குச்சிகளை எறிந்துவிட்டு அண்ணனைப் பிடிக்க ஓடிவந்தாள். படத்தின் மேல் ஓரத்தில் அவள் கை வருகிறது, எட்டவில்லை. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே அவன் போய்விட்டான். அந்தக் கேசட்டை எரிக்கச் சொல்லி அவள் அழுகிறாளாம். பாவம், ஒருமுறை போட்டுப் பார்த்தால் புரிந்துகொள்வாள். முதல்முறையாக அவன் முகம் முழுசாகத் தெரிகிறது.

நான் அவனைத் தொடக்கூட இல்லை. விபத்து என்றுதான் எழுதிக் கொடுத்தேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

இன்னொரு கேமரா, அவன் குதிப்பதற்கு முன்பே, ஆளில்லாத வெறுந்தரையை ஏன் அவ்வளவு துல்லியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்கிறீர்கள். தொழில் தெரியாதவர் கேட்கும் கேள்வி, இன்ஸ்பெக்டர். வேறு எங்கே வைப்பேன்? அவன் வந்து விழப்போகிற இடம் அதுதானே.