பூண்டுக்கு வேண்டிய புகை

பஸ்ஸில் அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்க நான் தூங்குவதுபோல நடிப்பேன். ஒருமுறை நடிப்பு முற்றி நிஜமாகவே தூங்கி, கதையின் முடிவைக் கோட்டைவிட்ட அறிவாளி நான். போன வாரம் கொடைக்கானலிலிருந்து கூக்கால் போகும் பஸ்ஸில் உஷாராக இருந்தேன். முன் சீட்டில் ஒரு புருஷன், பெண்டாட்டி. அவள் கோவித்துக்கொண்டு, வழியிலிருக்கும் பூம்பாறையில் அம்மா வீட்டில் இருக்கிறாள் போல. அவர் கூக்காலிலிருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நீ இல்லாம வெதைப்பூண்டெல்லாம் மொளைச்சுப் போகுது புள்ள.”

“நான் என்ன மருந்தா?”

“அடுப்பெரிஞ்சாத்தான மேல கட்டுன பூண்டுக்குப் பொகை? பொகை பட்டாத்தான மொளைக்காம இருக்கும்? ரெண்டு வீட்டுல ரெண்டு அடுப்புன்னா வெறகுக்கு எங்க போறது? புருஷன் பொண்டாட்டி சேந்திருந்தாத்தான் கட்டுபடியாகும்.”

“அப்ப பூண்டுக்காகத்தான் கூப்பிடுறீங்க.”

“வேற என்ன சொன்னா வருவ?”



“அடுப்பெரியலன்னா என்னத்தத் தின்னீங்க?”

“டீக்கடையில பன்னு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவர்களைத் தெரிந்த கண்டக்டர் வந்து, “பூம்பாறை ஒண்ணு, கூக்கால் ஒண்ணா?” என்றார்.

“கூக்கால் ரெண்டு குடுங்கண்ணே,” என்றாள் அவள். “பூண்டு வீணாப் போகுதாம்.”

வீட்டுக்கு வந்ததும் இதை என் மனைவியிடம் உருகி உருகிச் சொன்னேன்.

“நம்ம வீட்டுல கேஸ் அடுப்பு,” என்றாள். “நீங்க இல்லன்னாலும் எரியும்.”