திருப்பிப் பாக்காத காசு

உண்ணாமலைங்கறது எங்கம்மாதானுங்ணா. செய்யாத திருட்டுக்கு மோகனூர் பூராத் திருடின்னு பேரு வாங்குனவ. கையெழுத்தா? இருங்க, சொல்றேன். நீங்க இந்தப் பக்கம் தபாலுக்குப் புதுசுங்களா? அதான்.

போன தையில, கரும்புக்காட்டுல வாய்க்கா எடுக்கறப்ப அம்மா மம்பட்டில ஒரு கலயம் தட்டுப்பட்டுச்சு. உள்ள முப்பத்தொம்பது வெள்ளிக்காசு. ரோமாபுரி ராசா திபேரியஸ் போட்டது, ரெண்டாயிரம் வருசத்துக்கு மின்னால. நான் சேலத்துல எம்.ஏ. வரலாறு படிக்கறேன், பாத்ததும் தெரிஞ்சுது. கவர்மெண்ட்ல ஒப்படைச்சிருன்னு நாந்தான் சொன்னேன். ஆமா, நாந்தான்.

காசுல ஒரு பக்கம் ராசா மூஞ்சி. மறுபக்கம் ஒரு பொம்பள நாற்காலில உக்காந்து கைல ஒரு கெளை வெச்சிருப்பா. அம்மாவுக்கு அது வேப்பிலை, அவ மாரியாத்தா. மஞ்சத்தண்ணில கழுவித்தான் கொண்டுபோனா.

ஆபீஸ்ல ஒருத்தரு அத்தனையவும் ராசா மூஞ்சி மேல தெரியறாப்புல தட்டுல அடுக்கிட்டு, இன்னும் இருக்குதான்னு கேட்டாரு. இவ, ராசாவப் பூராக் குடுத்துட்டனுங்க சாமி, ஆத்தா மட்டும் எங்கூட இருக்கறா, அது போதும்னுட்டா. அவரு எழுதிக்கிட்டாரு: பெண் உருவம் பொறித்த காசைத் தன்னிடம் வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டார்.

சிரிக்காதீங்ணா. நானும் மொதல்ல சிரிச்சேன்.

ஊட்டுல அரிசிப்பானை வரைக்கும் கொட்டிப் பாத்தாங்க. அப்பறம் ஒருத்தரும் காட்டுவேலைக்குக் கூப்புடல. பக்கத்தூட்டு மாரக்காள் அத்தை, ஏண்டி உண்ணாமல, ராசா பொண்டாட்டிய எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கறன்னு கேட்டுச்சு. அன்னைலருந்து அம்மாவுக்குச் சோறு எறங்கல. நான் எட்டு மனு போட்டேன். எட்டுலயும் ஒரே வரி: காசைத் திருப்பிப் பாருங்கள்.

போன வாரம் போன் வந்துச்சு. திருப்பிப் பாத்துட்டாங்களாம். முப்பத்தொம்பதுலயும் அந்தப் பொம்பள உக்காந்திருக்கறாளாம். தப்பு நடந்துருச்சு, உங்கம்மா பேருக்குப் பதில் அனுப்பிருக்கறோம்னாங்க. சரிங்கன்னு வெச்சுட்டேன். கோவங்கூட வரல.

அவ கையெழுத்தேதான் வேணுமா? என்னுது ஆகாதா? அப்பத் திருப்பி அனுப்பிருங்ணா. இன்னைக்கோட இருவத்திரெண்டு நாளாச்சு. அட, உக்காருங்க, தண்ணியக் குடிங்க. உங்க மேல என்ன தப்பு?

பெறுநர் காலமானார்னு எழுதுவீங்கல்ல? எங்க பதிலும் அதானே. முன்னால வேண்டாம், பின்பக்கத்துல எழுதுங்ணா.