படத்தில் ஆறு பேர்

கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். இளையவளின் போனில் ஒரு பழைய பத்திரிகைப் படம். நூறு வருடங்களுக்கு முந்திய கொலை வழக்கொன்றின் சாட்சிகள் நீதிமன்ற வாசலில் நிற்கிறார்கள்.

“ராத்தா, படத்துல ஆறு பேர். கீழ அஞ்சு பேர்ர பேர்தான் இரிக்கி.”

“நம்மட மூத்தவாப்பா எங்க?” மூத்தவள் பாட்டனாரைத் தேடினாள்.

“இந்தா, துருக்கித் தொப்பியோட. வாப்பாட அதே மூக்கு. இவர்ர பேர்தான் இல்ல.”

“அச்சடிச்சவன் உட்டிருப்பான்.”

“இல்ல ராத்தா, செய்தியையும் வாசிச்சன். ஆறாவது சாட்சியக் கூப்பிட்ட நேரம் ஆளக் காணல்லயாம்.”

மூத்தவள் சிரிக்கப் பார்த்தாள். “படத்துக்கு மட்டும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிறார்.”

“வாப்பாக்கு என்னத்தச் சொல்ற? கட்டில்ல கிடந்தும், ‘என்ட வாப்பா பயப்படாமச் சாட்சி சொன்ன மனிசன்’ எண்டுதானே கதைக்கிறார்.”

“படத்த மட்டும் காட்டு. கீழ உள்ளத வெட்டிரு.”

“அப்ப நானும் பொய்ச்சாட்சியா ராத்தா?”

மூத்தவள் விரலால் படத்தின் கீழ்ப்பகுதியை மறைத்துப் பார்த்தாள்.

நாற்பது வருடங்களுக்கு முன் என் பள்ளிக்கூடக் கூட்டாளிக்காகச் சாட்சி சொல்லப் போனேன். என் பெயரைக் கூப்பிட்டது காதில் கேட்டும், பயத்தில் கோட்டு வாசலிலிருந்து திரும்பிவிட்டேன். அவன் சிறைக்குப் போனான். சாட்சி சொல்லிவிட்டதாக வீட்டில் சொன்னேன். என் பிள்ளைகள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

‘வெட்டாதே, மகள்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. என் தரிப்பிடத்துக்கு முந்திய தரிப்பிடத்திலேயே இறங்கிவிட்டேன்.