முன்னாடி போட்ட சைபர்

இல்ல ரகு, டீ வோணாம், இப்பதான் குட்ச்சேன். நீ ஒக்காரு. பத்து நாளா நீ வூட்டுலயே கீறேன்னு சொன்னாங்க, அதான் கன்டெய்னர் யார்டுலேர்ந்து நேரா கொருக்குப்பேட்டைக்கு வந்துட்டேன். இன்னாத்துக்கா? சொல்றேன், இரு மாமு.

யார்டுல கேமரா, கம்ப்யூட்டருன்னு அறுவது மிஷினு கீதா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஐ.பி. அட்ரஸ், வூட்டுக்கு டோர் நம்பர் மாதிரி. நாலு நம்பரு, நடுவுல புள்ளி. தப்பா அடிச்சு வேற மிஷின்ல கை வச்சுட்டா பேஜாருன்னு, அறிவுக்கொழுந்து ஒருத்தன் ஸ்கிரிப்ட்டுன்னு குட்டியா ஒரு புரோகிராம் எழுதுனான். நான்தான், இந்த நோயலு. அட்ரஸ அடிச்சா மொதல்ல அது செக் பண்ணும். நாலு நம்பர் கீதா, எதுனா இருநூத்தி அம்பத்தஞ்சத் தாண்டுதா, பாக்கும். சரியா இருந்தா பச்சை காட்டும். என் பொண்டாட்டி ஃப்ளோரன்ஸ்கிட்ட பெருமையா காட்டுனேன். பச்சையா கீது, சரி, போயி கொத்தமல்லி வாங்கினு வான்னுட்டா.

சிரி, சிரி. நல்லா சிரி.

நமக்கு கன்டெய்னர் நம்பர் பாத்துப் பாத்து பழக்கமா, எல்லாம் ஒரே நீளமா லைன் கட்டி நிக்கணும். அட்ரஸ் லிஸ்ட்ட அளகு பண்றேன்னு கடைசி நம்பரு பத்துக்கு முன்னாடி ஒரு சைபர் போட்டேன். ஸ்கிரிப்ட் பாத்துச்சு, பச்சை. ஆனா முன்னாடி சைபர் வந்தா கம்ப்யூட்டரு எட்டு எட்டா எண்ணுமாம். நான் போட்ட பத்து, அதுக்கு எட்டு. ஊருக்கே தெரியுமாம் இது. எனுக்கு அன்னிக்கு சாயங்காலம்தான் தெரிஞ்சுது.

பத்தாம் நம்பரு கேன்டீன் கேமரா. அத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணத்தான் போனேன்.

எட்டா? எட்டு உன் வே பிரிட்ஜ், மாமு.

லோடு லாரி மேல நிக்க சொல்லோ மிஷினு பூட்ச்சே, எடை அழிஞ்சு எர்ணாவூர் பாலம் வரிக்கும் லாரி லைன் கட்டி நின்னுதே, ரகுபதிதான் சுவிட்ச்ச அமுத்திட்டான்னு உன்ன வூட்டுக்கு அனுப்புனாங்களே... அது நானு. பத்து நாளு வாயத் தெறக்கல. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போனேன், மாதாகிட்ட கூட சொல்லல. நம்ம தைரியம் அம்புட்டுதான். உன் மூஞ்சி மட்டும் கண்ணுலயே நின்னுது.

அடிக்கணும்னா அடி. கண்ணாடிய கழட்டிக்கிறேன்.

பாக்கெட்ல இன்னா பேப்பரா? உன்னுதுதான், இன்னிக்கு மேனேஜர்கிட்ட உண்மைய சொல்லிட்டேன், அவரு குட்த்தாரு. நாளைக்கு காலைல ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு உன்ன வரச் சொல்லிக்கிறாரு. சிஸ்டம் எதுனா மக்கர் பண்ணா நோயலக் கூப்புடாத. அந்தப் பேர்ல அங்க இப்ப யாரும் இல்ல.