ஒரு 'ட்' குறைந்த சொல்

பெயர்: தவராசா கஜானி. வயது: இருபத்தாறு. முகவரி: கோயில் வீதி, பழுகாமம். தொழில்: மின்னிணைப்பு வேலை செய்யும் தனியார் நிறுவனமொன்றில் தொழில்நுட்ப உதவியாளர். விஞ்ஞானப் பட்டதாரி.

மேற்படி நான் கூறுவதாவது:

வாயால் சொல்ல வேண்டியதை எழுதித் தருவதற்குப் பொறுப்பதிகாரி ஐயா மன்னிக்க வேண்டும். என் குரல் சிறியது. வைத்தியசாலையில் வைத்து நான் சொன்ன ஒரு சொல் வேறு விதமாகப் பதியப்பட்டிருக்கிறது. வாசித்துக் காட்டியபோதும் அந்தச் சொல் என் காதில் சரியாகவே விழுந்தது. பிரதியைக் கையில் எடுத்த பின்னரே பிழையைக் கண்டேன். அந்தச் சொல்லினால் நானும் என்னுடன் வேலை செய்யும் றிஷாட்டும் பேசிவைத்துப் பொய் சொல்கிறோம் என்று கருதப்பட்டு, அவர் இப்போது விளக்கமறியலில் இருக்கிறார். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் நிறுவனத்தின் கைக் கருவிகள் என் பொறுப்பில் உள்ளன. இரண்டு வயர்களின் நுனிகளை ஒரு சிறு செப்புக் குழாய்க்குள் இரு பக்கமாகச் செருகி, கிறிம்பிங் டூல் என்னும் குறடால் நசுக்கினால் அவை ஒன்றாகிவிடும். குறட்டினுள் ஒரு பல்லுச் சில்லு (பற்சக்கரம்) இருக்கிறது. குழாய் முழுதாக நசுங்கும்வரை அது வாயைத் திறக்க விடாது. நசுங்கி முடிந்ததும் தானாகவே விட்டுவிடும். காலையில் வாயில் ஒட்டியிருக்கும் செப்புத் தூளைத் தூரிகையால் தட்டி, அச்சில் ஒரு துளி எண்ணெய் இட்டு, கழிவு வயரில் ஒரு மூட்டு நசுக்கி, அதை இழுத்துப் பார்த்த பிறகே குறட்டைக் கொடுப்பேன். மூட்டு கழன்றாலோ, குறடு பாதியில் வாய் திறந்தாலோ, சிவப்பு நாடா சுற்றி ஒதுக்கிவிடுவேன். எங்களுடன் வேலை செய்த வினோஜன் அதைப் பார்த்து, "மிஸ் இழுக்கிற இழுவைக்கு உன்னிச்சை ஆனையும் பின்னால வரும்" என்பார். சம்பவ தினம் காலையிலும் அவ்வாறே சொன்னார். அன்றைய மூட்டு கழலவில்லை.

வேலையில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நசுக்கும்போது மற்றவர் வயர்களைப் பிடித்திருப்பார். குறடு வாய் திறந்ததும் நசுக்குபவர் "விட்டிட்டு" என்று சொல்வார். குறடு விட்டுவிட்டது என்பது பொருள். உடனே பிடித்திருப்பவர் கையை எடுப்பார். கரண்டுக்கு அந்தச் சொல்லை நாங்கள் பாவிப்பதில்லை; "போடு" என்றே சொல்வோம். ஏறாவூரைச் சேர்ந்த றிஷாட் கட்டாரிலிருந்து திரும்பி அண்மையில்தான் எங்களுடன் சேர்ந்தவர். அவர் கரண்டைப் போடுவதற்கு "விடு" என்பவர். இது எனக்குப் பின்னரே தெரிய வந்தது.

கடந்த திங்கட்கிழமை உன்னிச்சைக்கு அருகே கனகசிங்கம் என்பவரின் வயல் வட்டையில், வாய்க்கால் ஓரத்து மோட்டருக்குப் போகும் வயர் அறுந்திருந்ததால் நாங்கள் மூவரும் சென்றோம். வெள்ளாமை கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது. "தண்ணி இல்லாட்டி குடலையோட கருகிரும், கெதியாப் பாருங்க தம்பி" என்று அவர் வரம்பில் நின்றபடி சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பின்னர் றிஷாட் மெயின் சுவிச்சை நிறுத்தி, யாரும் அதைத் தொடாதிருக்க மோட்டர்க் கொட்டிலிலேயே காவல் நின்றார். வினோஜன் அவரைப் பார்த்து, "கட்டாருக்குப் போய் வந்தவருக்கு சுவிச்சுக்குக் காவல் வேலை" என்றார். "நீ பொத்திக்கிட்டு வயரக் கடி மச்சான், நீ சொல்லாம நான் கை வைக்க மாட்டன்" என்று றிஷாட் சொன்னார். இதையே கனகசிங்கம் ஐயா சண்டை என்று கூறியுள்ளார். அவர் பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. அவருக்குச் சத்தம் கேட்டது, முகங்கள் தெரியவில்லை. அதற்குச் சற்று முன்னர்தான் இருவரும் ஒரு பணிசைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள்.

அதன் பின்னர் வினோஜன் ஈரத் தரையில் முழந்தாளிட்டு வேலையைத் தொடங்கினார். நான் வயர்களைப் பிடித்திருந்தேன். மூன்று வயர்களில் முதலாவது முடிந்தபோது அவர் மெதுவாகவே "விட்டிட்டு" என்றார்; அது கொட்டிலுக்குக் கேட்டிருக்காது. இரண்டாவதை நசுக்கும்போது வரம்பு வழியே ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போனது. அந்த இரைச்சலில் எனக்குக் கேட்பதற்காக வினோஜன் உரத்து "விட்டிட்டு" என்றார். நான் கையை எடுத்து, அடுத்த குழாயை எடுப்பதற்காகப் பெட்டிப் பக்கம் திரும்பினேன். அவர் மூன்றாவது வயரின் வெறும் நுனியைக் கையில் எடுத்தார். அப்போது கொட்டிலில் சுவிச் விழும் சத்தம் கேட்டது. வினோஜன் சத்தமிடவில்லை. றிஷாட் தலையை வெளியே நீட்டி, சிரித்த முகத்துடன், "ஓடுதா மச்சான்?" என்று கேட்டார்.

நான் கத்தினேன். அன்று என் குரல் கேட்டது. அவர் சுவிச்சை நிறுத்திவிட்டு ஓடி வந்து, வாகனம் வரும்வரை வினோஜனின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். அந்தக் கொட்டிலில், மின் கசிந்தால் தானாகவே கரண்டை நிறுத்தும் ட்றிப் சுவிச் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

கையில் வயரை வைத்துக்கொண்டு கரண்டை விடச் சொல்லி யாராவது கேட்பார்களா, ஆகவே றிஷாட் பொய் சொல்கிறார் என்கிறார்கள். றிஷாட் பொய் சொல்லவில்லை. அவருக்கு "விட்டிடு" என்றுதான் கேட்டிருக்கும். வினோஜனும் கரண்டைக் கேட்கவில்லை. அவர் சொன்னது "விட்டிட்டு". என் முதல் வாக்குமூலத்தில் அது "விட்டிடு" என்று ஒரு 'ட்' குறைந்து பதியப்பட்டிருக்கிறது. வினோஜன் அதை எனக்கு இட்ட கட்டளையாகவும் சொல்லியிருக்க முடியாது. என்னிடம் அவர் ஒருநாளும் "விடு" என்று சொன்னதில்லை. "விடுங்க மிஸ்" என்றே சொல்வார்.

பிரேத அறை வாசலில் அவருடைய தாயார் சீதேவிப்பிள்ளை என் கையைப் பிடித்து, "என்ட புள்ள தானே கரண்டக் கேட்டுச் செத்தானாமே, உண்மையா மகள்?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அழுகைச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை.

இவை நான் கண்டும் கேட்டும் அறிந்தவை. யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் திரும்பப் பார்த்தேன்; இம்முறை எதுவும் குறையவில்லை. இது உண்மையென உறுதி கூறுகிறேன்.

கையொப்பமிட முன்னர் ஒரு வேண்டுகோள். குறடும் அந்த வயரும் உங்கள் பொறுப்பில் உள்ளன. குறடு வாய் திறந்தபடி கிடந்தது. அதற்கு யாரும் எண்ணெய் இட வேண்டாம், யாரும் அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். அந்த இரண்டாவது மூட்டை நீதவான் முன்னிலையில், சீதேவிப்பிள்ளை அம்மாவையும் அழைத்து வைத்து, இழுத்துப் பாருங்கள். மூட்டு முழுதாக நசுங்கியிருந்தால் குறடு விட்டிருக்கிறது. குறடு விட்டிருந்தால் அவர் சொன்னது எந்தச் சொல் என்று எல்லோருக்கும் விளங்கும். பலமுள்ள ஒருவரைக் கொண்டு இழுக்கச் செய்யுங்கள்.

அது கழலாது.

(ஒப்பம்) த. கஜானி