கொண்டல் என்று கேட்டது

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

புதன்கிழமை. காலை ஐந்து நாற்பது. மூன்றாவது ஷெல் தென்னைகளுக்குள் விழுகிறது. முதலில் தூரத்தில் ஒரு குத்து. பதினொன்று எண்ணினால் வெடிக்கும். நான் மணலில் குப்புறக் கிடக்கிறேன். காதில் வோக்கிரோக்கி.

கரையில் என் அண்ணன் சூசையின் வள்ளம். அதில் காயப்பட்ட ஆறு பேரும், துணைக்கு அவன் மனைவி, என் மச்சாள் றீற்றாவும். கடல்நீரேரியைக் கடந்தால்தான் ஆஸ்பத்திரி.

அக்கரையில் அந்தோனி அண்ணை. சூசையோடு மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். கடற்படையின் ரோந்துப் படகு நிற்கிறதா என்று பார்த்து வோக்கியில் சொல்வார். அதை எவரும் ஒட்டுக்கேட்கலாம். கேட்பவர்களில் தமிழ் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆகவே காற்றுகளின் பெயரில் பேசினோம். சோளகம் என்றால் படகு நிற்கிறது. வாடை என்றால் ஹெலி வருகிறது. கொண்டல் என்றால் தடையில்லை, வரலாம். அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

இரைச்சல். பிறகு ஒரு குரல். "கொண்டல்." மறுபடி இரைச்சல்.

அது அந்தோனி அண்ணையின் குரல் இல்லை. கரகரத்த, வேறு யாருடையதோ. திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை. நாலாவது ஷெல் வள்ளத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தது.

"வெளிக்கிடு அண்ணா! போ!"

கத்தியது நான்.

ஆறு மணி இரண்டு நிமிடம். நீரேரியின் நடுவிலிருந்து பெரிய துவக்குச் சத்தம். விட்டு விட்டு. ஆறு பத்துக்கு அதுவும் இல்லை.

அன்றைக்கே அந்தோனி அண்ணையை அக்கரையில் காணவில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் சொல்லை வேறு யாருக்கோ கொடுத்து எங்களை விற்றுப்போட்டார் என்று முடிவுகட்டினேன்.

மூன்று வருடம் கழித்து ரொறன்ரோ. தொண்ணூற்றாறு, மாசி. ஸ்காபரோவில் பதினாலாம் மாடி. ரெலிபோனில் கிளிக் என்று கேட்டால் வைத்துவிடுகிறேன். பஸ்ஸில் பின்னால் தமிழ் கேட்டால் சீற் மாறுகிறேன். அந்தோனி அண்ணை கனடா வந்துவிட்டார் என்று அறிந்ததும், சேர்ச்சில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களிடம் சொன்னேன். "அந்த ஆளோடு கவனம்." ஒருவரும் அவருக்கு அறை கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோட் மாட்டும் இடத்தில் என்னை மறித்தார். இடப்பக்கத் தாடை உள்ளே போயிருந்தது.

"தெரேசா."

அன்றைக்கு வோக்கியில் கேட்ட அதே கரகரத்த குரல்.

"அண்டைக்குக் கதைச்சது நீங்களோ?"

"நான்தான். எங்கடை கரையிலையும் ஷெல் விழுந்தது. துண்டு பட்டு வாயெல்லாம் இரத்தம். கொண்டல் இல்லை எண்டனான்."

"இல்லை எண்டது எனக்குக் கேக்கேல்லை."

"அமத்திக் கதைக்கிற பட்டனிலை விரல் வழுக்கிப்போச்சுது போல. பிறகு நினைவில்லை. ஆரோ தூக்கிக்கொண்டு போச்சினம்." மூச்சு வாங்கினார். "நீ ஏன் வள்ளத்தை விட்டனி? ஆருக்காக விட்டாய் எண்டு நான் மூண்டு வருசமா யோசிக்கிறன்."

நம்பினேன். வீடு வரும் வழியில் நம்பவில்லை. அவர் சொல்வது உண்மையானால், அண்ணனை அனுப்பியது நான்.

இரண்டு கிழமை பொறுத்து, சொன்னவர்களிடம் போய்ச் சொன்னதைத் திருப்பி எடுத்தேன். "உங்களை வெருட்டினவரோ?" என்று கேட்டார்கள். அதற்குள் அவர் பிறம்ரன் நகருக்குப் போய்விட்டார்.

இழந்தவை இவை. காயப்பட்டவர்கள் ஆறு பேர், அதில் இருவர் குழந்தைகள். அண்ணன் சூசை, முப்பத்திரண்டு வயது. அவனோடு ஏறிய மச்சாள் றீற்றா. எட்டு உயிர். கரையொதுங்கியது ஐந்து. ஒரு வள்ளம். ஓர் எஞ்சின். அந்தோனி அண்ணையின் அரைத் தாடை, அவருடைய பழைய குரல். ஸ்காபரோவில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஓர் அறை. அது என் வாயால் போனது.