முழங்கால் உயரச் சுவர்

உங்கள் காவல் நிலையத்துத் தேநீர் நன்றாக இருக்கிறது, கான்ஸ்டபிள் பிரையனி. நான் வந்தது உங்கள் அறிக்கையில் இருக்கும் ஒரு பிழையைத் திருத்த. ஒரே ஒரு வரிதான்.

எங்கள் கல் பாலத்தின் பக்கச்சுவர் முழங்கால் உயரம்தான். குதிரைகளின் இரு பக்கமும் தொங்கிய கம்பளி மூட்டைகள் இடிக்காமல் போகட்டும் என்று அப்படிக் கட்டினார்கள். நானூறு வருஷமாக ஒருவரும் விழுந்ததில்லை. அந்தப் பெருமையில்தான் ஆகஸ்டு தோறும் பீர் தளும்பும் கோப்பையோடு ஊரே பின்னோக்கி நடந்து பாலத்தைக் கடக்கிறது. எழுபத்திரண்டு வயதில் நான்தான் முன்னால் போகிறேன். அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவாது.

போன செவ்வாய் காலை பாதுகாப்பு அதிகாரி கில்பர்ட் ஸ்வான் வந்தார். பாலத்துக்கு இரும்பு வேலி போட வேண்டுமாம்.

"இதுவரைக்கும் ஒருத்தராவது விழுந்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"விழட்டும், மிஸஸ் பிளாகெட். மறுவாரமே வேலி வந்துடும்."

அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை இழுத்தபடி பின்னோக்கியே நடந்து போனார். திடீரென்று ஆளைக் காணோம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கும்தான். ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"முதல் ஆள் நான்தான். இத நானே எழுதிடறேன். கொஞ்சம் கை குடுங்க, கால் பிசகிடுச்சு."

இறங்கிப் போனேன். "யார்கிட்டயும் சொல்லாம இருந்துடலாமே," என்று நயமாகத்தான் கேட்டேன்.

"அதெப்படிங்க முடியும்?" என்றார்.

அதனால் அவர் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தேன். தேநீர் ஊறுகிற நேரம்தான் ஆயிற்று. அப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, மறைப்பானேன். பிறகு, ஆற்றைக் கடக்கக் கல் போட்டிருக்கும் துறைவரை இழுத்துப்போய் விட்டேன். அங்கே வழுக்கி விழுகிறவர்கள் உண்டு.

பாலத்தின் மேல் கிடந்த நாடாவை மறந்துவிட்டேன். அதைப் பார்த்துத்தானே 'பாலத்திலிருந்து விழுந்து இறந்தார்' என்று எழுதினீர்கள்? திங்கட்கிழமை வேலி போட ஆட்கள் வருகிறார்கள்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். கொலை என்று போட்டு, ஹெஸ்டர் பிளாகெட் என்று என் பெயரையும் போடுங்கள். அவர் விழவில்லை, கொஞ்சம் சறுக்கி இறங்கினார், அவ்வளவுதான். ஏன் எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள்? எங்கள் பாலத்தால் இன்றுவரை ஓர் உயிர்கூடப் போனதில்லை.